சித்திரையில் தொடங்கிய காலண்டர்

மாப்ள,

இன்று காலை எங்கள் கல்லூரி அலுவலகத்தில் புதுக் காலண்டர் கட்டைப் பிரித்தார்கள். அந்த மை வாடை வந்ததும் உன் நினைப்புதான். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தெரிந்துகொள்.

விருதுநகரில் நாம் எம்.ஏ. வரலாறு படித்த கடைசி வருடம். செல்போன் வைத்திருப்பவனை ஊரே மரியாதையாகப் பார்த்த காலம். திருத்தங்கலுக்கு வண்ண அச்சு எப்போது வந்தது என்று இருவரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினோம். மதுரைக்குப் பஸ் ஏறி நூலகங்களில் உட்கார்ந்தோம், ஜெராக்ஸ் எடுத்தோம், அடிக்குறிப்பு போடத் தெரியாமல் அடித்து அடித்து எழுதினோம். ஓர் ஆய்வாளரின் புத்தகம், வண்ண அச்சு இயந்திரம் வந்த வருடத்தைச் சொன்னது. உன் மாமா வீட்டுப் பரணில் கிடைத்த பழைய வண்ண மாதக் காலண்டரும் அதே வருடத்துக்கானது. அடியில் திருத்தங்கல் அச்சகத்தின் பெயர். நம் ஊரில் யாருக்குத் தெரியாது? ஆடியிலேயே அடுத்த வருடக் காலண்டருக்கு ஆர்டர் பிடித்து, வருடம் பிறக்குமுன் அடித்து முடித்துவிடுவார்கள். யோசிக்கவே இல்லை, இயந்திரம் முந்தின வருடமே வந்திருக்க வேண்டும் என்று ஒரு வருடத்தைக் கழித்தோம். புத்தகம் தப்பு, நாம் சரி!

பேராசிரியர் குளிர்ந்துபோனார். மதுரைக் கருத்தரங்கில் வாசிக்கச் சொன்னார். எம்.ஃபில். சேர இருவருக்கும் பரிந்துரைக் கடிதம் தருவதாகவும் சொன்னார். அது கிடைக்காவிட்டால் படிப்பு அத்தோடு சரி என்று உங்கள் அப்பா உன்னிடம் சொல்லியிருந்தார்.

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பூசணியாகிவிட, நீ மட்டும் போனாய். பஸ்ஸில் மடியில் காலண்டரை விரித்துப் பார்த்திருக்கிறாய். முன்பக்கத்தில் தை, மாசி, பங்குனித் தாள்கள் கிழிந்துபோனதாக நாம் நினைத்திருந்தோம். முன்பக்கம் கிழிந்த தடமே இல்லை; தடம் இருந்தது மார்கழிக்குப் பின்னால்தான். சித்திரைதான் முதல் தாள். தமிழ் வருடத்துக்கென்று அடித்த காலண்டர். அந்த வருடமே, சித்திரைக்குச் சற்று முன்னால் அச்சானது. புத்தகத்தில் தப்பே இல்லை.

பேசாமல் வாசித்துவிட்டு வந்திருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? நீயோ மேடையேறி, எங்கள் முடிவு தவறு என்று சொல்லி, காலண்டரைத் தூக்கிக் காட்டி விளக்கிவிட்டு இறங்கினாய். மற்ற கல்லூரிக்காரர்கள் முன்னால் பேராசிரியருக்கு முகம் சுண்டிப்போயிற்று. யார் செய்த வேலை இது என்று கேட்டிருக்கிறார்.

“நாந்தாங்கய்யா கழிச்சேன். அவனுக்குத் தெரியாது.”

இதை எனக்குச் சொன்னவரே பேராசிரியர்தான். வீக்கம் வடிந்ததும் ஓடிப்போய், இருவரும் சேர்ந்துதான் கழித்தோம் என்றேன். சிநேகிதனுக்காகப் பேசுகிறாய் என்று சிரித்துவிட்டு, என் கடிதத்தை மட்டும் கையில் கொடுத்தார். உன்னிடம் வந்து கத்தினேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, “ரெண்டு பேரும் எதுக்குலே வீணாப் போகணும்? போய்ச் சேரு” என்றாய்.

சேர்ந்தேன். நீ காலண்டர் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போனாய். அவ்வப்போது போன் பண்ணுவாய்; கம்பெனி, பிள்ளைகள், மழை என்று பேசுவாய். நான் எழுதியதை அனுப்பினால் ஒரு வரி சொல்ல மாட்டாய். மறுபடி படிக்க வா என்று நானும் கேட்டேன். ஆனால் அழுத்திக் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

பாவி, ஒரு வருடம் தப்பாக இருந்ததையே உன்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ஒரு பொய்யை மட்டும் எப்படிடா துணிந்து சொன்னாய்? வகுப்பில் பிள்ளைகள் என்னை அய்யா என்று கூப்பிடும்போதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறேன். அதைத் திருத்த நீ எனக்கு வழி வைக்கவில்லை.