காட்டூர் தாண்டியதும் நடுங்கிய வண்டி

என் அருமை மாமாவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் சேதி. உங்கள் வேன் ஓடுகிறது. ஓட்டுவது நான்தான். "நீ ஓட்டினா நான் எறங்கி நடந்தே வந்துடுவேன்"னு கேலி பண்ணுவீர்களே, அதே நான். லைசென்ஸ் எடுத்துவிட்டேன். எட்டுப் போடும்போது ஒரு கம்பைத் தட்டிவிட்டு இரண்டாம் முறைதான் பாஸானேன். சிரிக்காதீர்கள்.

நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த கையோடு வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. உங்கள் தம்பி வேலுதான் அதில் தீவிரம். நான் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். விற்றுவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது? மறுபடியும் இறால் உரிக்கிற கொட்டகைதான். ஐஸ் தண்ணீரில் விறைத்துப் போகிற கையோடு எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் பெருக்குகிற வேலைக்கும் கேன்டீன் வேலைக்கும் போகிற நம்ம பக்கத்துப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் அழைத்து வருகிறேன். அது வேலுவுக்குப் பிடிக்கவில்லை. "எந்தத் தொறமுகம் வேணான்னு ரோட்ல குந்தினு கெடந்தமோ, அங்கியே ஆள ஏத்தினு போறியே அண்ணி"னு கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயத்தை உலையில் போட முடியாதே. நானும் விடாமல் பேசினேன், அவனும் விடாமல் பேசினான். அப்புறம் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இந்த நிலைமையில்தான் டயர் விவகாரம் வந்தது. முன் டயர் இரண்டும் ஓரம் தேய்ந்திருந்தன. முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஏரியில் நாள் முறை வைத்துத்தானே வலை போடுவார்கள், அன்றைக்கு வேலுவின் ஆட்களுக்கு முறை இல்லை. வீட்டில் சும்மா இருந்தான். நான் ஜாக்கியை எடுத்ததும், "நீ தள்ளு, நான் போடறேன்"னு வந்துவிட்டான். சண்டை போட்டவனே வந்து நிற்கிறானே என்று எனக்குச் சந்தோஷம். டீ போட உள்ளே போனேன். டீயைக் கொடுத்துவிட்டுச் சமையலையும் பார்த்து வருவதற்குள் வேலையே முடிந்திருந்தது.

மறுநாள் காலையில் காட்டூர் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அது வரைக்கும் ரோடும் அப்படி, நாம் போகிற வேகமும் அப்படி. காட்டூர் தாண்டி, ரோடு நன்றாக இருக்கிற இடத்தில் கொஞ்சம் அழுத்தினேன். ஸ்டியரிங் கையில் நடுங்கியது. வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடியது. பின்சீட்டில் இருந்த மும்தாஜ், "இன்னாக்கா, வண்டிக்கு குளிர் ஜொரமா?"னு கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேகத்தைக் குறைத்தேன், நடுக்கம் அடங்கியது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை மாமா. உட்கார்ந்தால் எழுந்து வண்டியிடம் போகத் தோன்றும். போய் நின்றால் என்ன பார்ப்பது என்று தெரியாது. சோற்றைப் பிசையும்போதுகூடக் கையில் அந்த நடுக்கம் இருக்கிற மாதிரியே இருந்தது. ஏன் இப்படிச் செய்கிறது? மாற்றிப் போடுவதற்கு முன்னால் வெண்ணெய் மாதிரி ஓடிய வண்டிதானே?

முதலில் காற்றுப் பார்த்தேன். நாலிலும் சரியாக இருந்தது. ஏரிக்கரைச் சேறு சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரே இடத்தில் காய்ந்து கட்டியாக ஒட்டினால் வண்டி ஆடும் என்று நீங்கள் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. குழாயைப் பிடித்துக் கழுவித் தள்ளினேன். அப்படியும் நடுங்கியது. பின்னாலிருந்து முன்னுக்கு வந்த டயரில் எங்காவது வீங்கியிருக்கிறதா என்று சுற்றிலும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். வீக்கம் ஒன்றும் இல்லை. பிரேக் பிடித்தால் கூடுகிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. ஆட்டம் சீட்டில் தெரியவில்லை, ஸ்டியரிங்கில்தான் தெரிந்தது. அப்படியானால் கோளாறு முன்சக்கரத்தில்தான். அது வரைக்கும் நானே கண்டுபிடித்துவிட்டேன். அதற்கு மேல்?

பொன்னேரியில் ஒரு டயர் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். வண்டியை மேடையில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றாமலேயே அலைன்மென்ட் பார்த்து அனுப்பிவிட்டார்கள். வண்டி நேராக ஓடியது. நேராக ஓடிக்கொண்டே நடுங்கியது!

வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா வேறு. "அவந்தான்டி ஆட்டறான். நீ ஓட்றது அவனுக்குப் புடிக்கல. உசுரு இன்னும் அந்த வண்டிலதான் கீது"னு சொன்னார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். அப்புறம் நான் சோதித்துப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் தானும் வருவேன் என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். காட்டூர் தாண்டியதும் கையை முன்பலகையில் வைத்துக்கொண்டே வருவார். என்னைக் காவல் காக்கத்தான் வருகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

உண்மையைச் சொல்லட்டுமா? அத்தையை மனசுக்குள் திட்டினேனே தவிர, தனியாக ஓட்டும்போது நானும் கேட்டேன். "மாமா, நீயா?"னு வாய்விட்டே கேட்டேன். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் உங்களை நீ என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மும்தாஜ் மட்டும் இறங்காமல் நின்றாள். "தப்பா நெனச்சுக்காதக்கா. எல்லாரும் பயப்படறாங்கோ. திங்கக்கெழமைக்குள்ள சரியாவலன்னா வேற வண்டி பேசிக்கலாம்னு சொல்றாங்கோ. எனுக்கு உன்னோட வரத்தான் ஆச. ஆனா வூட்ல ரெண்டு கொழந்த கீதுக்கா"னு சொன்னாள். அவள்மேல் எப்படிக் கோபப்படுவது? சவாரி போனால் வண்டி போகும், வண்டி போனால் மறுபடி கொட்டகைதான்.

இந்தப் பேச்சை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேலு, "நான்தான் அப்பவே சொன்னனே, வித்துடுன்னு"னு சொல்லிவிட்டு உள்ளே போனான். அந்த ஒரு சொல் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. டயரைத் தொட்டவன் அவன். வண்டி ஓடக் கூடாது என்று நினைக்கிறவனும் அவன். ஏதாவது செய்துவைத்திருப்பானோ? உங்கள் கூடப்பிறந்தவனைப் பற்றி அப்படி நினைத்தேன் மாமா. நினைத்தேன் என்ன, நம்பியே விட்டேன்.

சனிக்கிழமை காலையில் வாசலிலேயே ஜாக்கி போட்டேன். டிரைவர் பக்கத்து முன்சக்கரம். முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தேன், சாதாரணமாகக் கழன்றது. அடுத்ததற்கு ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை. விரலால் தொட்டதும் சுழன்றது. அந்தச் சக்கரத்தை நம்பி எத்தனை பெண்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்!

சக்கரத்தை இழுத்து எடுத்தேன். உள்ளே ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் பச்சை நிறத்தில் நூல். வலை முடைகிற நைலான் நூல். போல்ட்டுக்குப் போல்ட்டு இறுக்கிச் சுற்றி, முடிச்சும் போட்டிருந்தது. சக்கரத்தை ஏற்றும்போது அந்த நூல் உள்ளே தள்ளப்பட்டு, ஒரு பக்கம் கட்டியாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் நசுங்கிக் கிடந்தது. இரும்பும் இரும்பும் ஒட்டி உட்கார வேண்டிய இடத்தில் நூல் உட்கார்ந்திருந்தால் சக்கரம் எப்படி நேராகச் சுற்றும்? நட்டு எப்படி நிற்கும்?

அது எந்த ஊர் வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? படகில் இன்ஜினை முடுக்கும்போது, ஆடி ஆடி நட்டு கழன்றுவிடக் கூடாது என்று போல்ட்டில் நூலைச் சுற்றித்தானே போடுவீர்கள்? நீங்களும் போட்டதுதான்.

"வேலூ!"னு கத்தினேன். நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். ஓடி வந்தான்.

"இன்னாடா இது?"

பார்த்தான். "நூலு, அண்ணி. போட்லகூட அப்டித்தான போடுவோம். கழலாம இருக்கட்டும்னு..."

"கழலாமயா? வெரல்ல சுத்துது பார்றா! வண்டிச் சக்கரத்துல நூல் சுத்துவாங்களா? கொன்னுட்டிருப்பியேடா என்னை!"

அவன் முகம் செத்துவிட்டது. நட்டைத் தானே ஒருமுறை சுழற்றிப் பார்த்தான். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "வேணான்னா கேக்க மாட்ற. பொம்பளைங்கள ஏத்தினு அம்மாந்தூரம் போற. எங்கயாச்சும் சக்கரம் கழண்டுகினா யார் கீறாங்கோ? அண்ணன்தான் போயிட்டான். உனுக்கும் எதுனா ஆயிட்சின்னா நாங்க இன்னா பண்ணுவோம் அண்ணி?"

எனக்குத் திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்ட பிறகும், உங்களுக்காக நான் இப்படி அழுததில்லை. அவனைப் பற்றி நினைத்ததை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், அது போதும்.

அப்புறம் இரண்டு பேருமாக நாலு சக்கரத்தையும் கழற்றினோம். நூலையெல்லாம் அறுத்து எடுத்தோம். உப்புக்காற்றில் பிடித்திருந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். சக்கரத்தைத் தட்டிப் பொருத்தி, ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர் நட்டை முடுக்கினோம். கடைசி முடுக்கு நான்தான் முடுக்கினேன். அவனை நம்பாமல் இல்லை, என் கையால் முடுக்கினால்தான் எனக்கு மனசு ஆறும் போலிருந்தது.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். வேலு பின்னால். அத்தை வழக்கம்போல முன்சீட்டில். காட்டூர் தாண்டினோம். அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். ஸ்டியரிங் அசையவில்லை. "சரியாயிட்சி அண்ணி!"னு வேலு பின்னாலிருந்து கத்தினான்.

அத்தை கையை முன்பலகையில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"எங்கடி, ஒண்ணுமே தெரியல?"

"சரி பண்ணிட்டோம் அத்த. நூலு மாட்டினு இருந்துச்சு. இனிமே ஆடாது."

அத்தை பலகையை ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் சின்னக் குரலில், "அப்போ எம் புள்ள?"னு கேட்டார்.

அவர் என்னைக் காவல் காக்க வரவில்லை மாமா. உங்களைத் தொட்டுப் பார்க்க வந்திருக்கிறார், இத்தனை நாளும். வண்டியை ஓரம் கட்டினேன். மூன்று பேரும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்கும் கையில் ஏதோ குறைந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. கஷ்டப்பட்டுத் தேடிச் சரிசெய்தவளே நான்தான், இருந்தும் அப்படித் தோன்றியது.

திங்கட்கிழமை எல்லோரும் ஏறினார்கள். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன். நடுங்குவதில்லை. ஆனாலும் காட்டூர் தாண்டும்போது ஒவ்வொரு நாளும் என் கை தானாக ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இது எப்போது விடும்?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் வண்டி எங்கே ஆடினாலும் முதலில் ஓரம் கட்டி ஸ்பேனரை எடுப்பேன், நீங்களா என்று அதற்கு அப்புறம்தான் கேட்பேன். கேட்காமலே இருப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் பெண்சாதி,
சுமதி