சுமங்கலி கையில் போன பேரிக்காய்ப் பாகு

ஜூலை 22, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம்.

தோட்டத்திலிருந்து பேரிக்காய் இரண்டு கூடை. கல் மாதிரி இருக்கிறது. பாகுக்கு இதுதான் வேண்டும்.

பிற்பகல் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்கள் கூட்டம். கிருஷ்ணகிரி வளர்ச்சி ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி, பெண் அதிகாரி, வந்திருந்தார். கைத்தறிச் சேலை, ஆண்பிள்ளைக் குடை, கணீரென்ற குரல். ஊர் ஊராகப் போய்ப் பழம் பதப்படுத்தக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் வேண்டுமாம். எட்டாவது படித்திருந்தால் போதும். சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு.

"மனு கினு ஒண்ணும் எழுத வேண்டாம். உங்க கையால செஞ்சது ஒரு பாட்டில் எடுத்துட்டு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வாங்க. வாயில போட்டுப் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

என் வீட்டுக்காரர் போய், நான் வெறுங்கழுத்தோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து இப்படி ஒன்றை ஆசைப்பட்டதே இல்லை. பக்கத்து வீட்டு ஜெயம்மாவும் கூட இருந்தாள். ஒரே பெஞ்சில் படித்தவள். இடுப்பில் கிள்ளி, "இது உனக்குன்னே வந்த வேல ருக்கு!" என்றாள்.

வாங்க: சர்க்கரை, எலுமிச்சை, இஞ்சி, வெற்றிலைச் சுண்ணாம்பு, மெழுகுவத்தி. பித்தளை அண்டாவுக்கு ஈயம் போயிருக்கிறதா பார்க்க.

ஜூலை 23, செவ்வாய்

ஈயம் போயிருந்தது. நல்லவேளை பார்த்தேன். அப்படியே காய்ச்சியிருந்தால் எலுமிச்சைப் புளிப்புக்குக் களிம்பு ஏறி அத்தனையும் பச்சை பாரித்திருக்கும். ஈயக்காரன் இன்று இந்தத் தெருவுக்கு வந்தது என் அதிர்ஷ்டம்.

சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். பிசைந்துகொண்டே கேட்டார். "பாக்கலாம். மொதல்ல செஞ்சு முடி." அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லையே! அண்ணி எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தாள்.

அம்மா மட்டும், "நீ போயிட்டா என்ன யாருடி எழுப்பி ஒக்கார வெக்கறது?" என்றாள். வாதத்தில் இடது பக்கம் விழுந்ததிலிருந்து அவளுக்கு எல்லாம் நான்தான். அண்ணியைப் பழக்கிவிட்டுப் போகிறேன் என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கோபமா தூக்கமா தெரியவில்லை.

ஜூலை 24, புதன்

தோல் சீவி, விதை எடுத்து, எட்டாக நறுக்கி, சுண்ணாம்புத் தெளிவில் ஊறவைத்து, கழுவினேன், கழுவினேன், கை விறைக்கும்வரை கழுவினேன். பிறகு அண்டாவில் ஒரு வரிசை காய், ஒரு வரிசை சர்க்கரை. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. காலைக்குள் அதுவே நீர் விட்டுக்கொள்ளும்.

பாகு எனக்குச் சொல்லிக்கொடுத்தது மத்திகிரியில் இருந்த சட்டைக்காரம்மா, ஆங்கிலோ இந்தியப் பெண். சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டாள். அவள் செய்தால் காய் குழைந்து களியாகிவிடும். சுண்ணாம்பு என் யோசனை. பூசணிக்காய் மிட்டாய்க்கு வைக்கிறார்களே, இதற்கு வைத்தால் என்ன என்று செய்து பார்த்தது. ஜெ.யும் அப்போது கூட இருந்தாள், பேசிக்கொண்டு, சர்க்கரையைத் தின்றுகொண்டு.

தோல் கழிவு பால்காரன் பசுவுக்கு. தலைவலி. பால்காரன் புது நயா பைசாவில் குழம்பி என்னிடம் சண்டை.

ஜூலை 26, வெள்ளி

முடிந்தது. நேற்றும் இன்றும் சிறு தீயில். காயை வடித்து எடுத்து, பாகை மட்டும் சுண்டவைத்து, மறுபடி காயைச் சேர்த்து, இஞ்சி, எலுமிச்சைத் தோல். துண்டு ஒன்றுகூட உடையவில்லை. நல்ல தேன் நிறம். கடித்தால் முதலில் நறுக்கென்று, பிறகு கரைகிறது. என் கையை நானே முத்தமிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. யாரும் பார்க்கவில்லை, முத்தமிட்டுக்கொண்டேன்.

அண்ணன் ராகி ரொட்டியோடு தொட்டுத் தின்றார். "இதுக்கு வேல குடுக்கலன்னா அந்தம்மா நாக்குல கோளாறுன்னு அர்த்தம்!"

அதைக் கேட்டு அழுதுவிட்டேன். அண்ணன் என்னைப் பாராட்டி எத்தனை காலம் ஆயிற்று.

ஜூலை 31, புதன்

சளி. தோட்டத்தில் குரங்கு. அண்ணியின் பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டது.

மாலை அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஆடி வெள்ளியும் அதுவுமா நீ போயி எதுக்கால நின்னா, அந்தம்மா எப்படி எடுத்துக்குவாங்களோ. ஆபீசுன்னா நாலு பேரு இருப்பாங்க. ஜெயம்மா கையில குடுத்து அனுப்பு. சுமங்கலி கையால போனா காரியம் கூடி வரும். பேரு உன் பேருதான, எங்க போயிடப் போவுது?"

சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். என் காரியம் கூடி வரவேண்டும் என்றுதானே சொல்கிறார். பால் காய்ச்சவும் நெல் அளக்கவும் இந்த வீட்டில் அண்ணியையோ ஜெ.யையோ முன்னால் நிறுத்திவிட்டுத்தானே நான் கை வைக்கிறேன். பழகிப்போன ஒன்று. அம்மாவும், "அவன் சொல்றது நெசந்தான்" என்றாள்.

சரி என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஜெ. காலை பஸ்ஸுக்குப் போனாள். அவளிடம் நல்ல சேலை இல்லை. என் பெட்டியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். என் கல்யாணத்துக்கு எடுத்தது. கட்டிக்கொண்டு நின்றபோது அழகாக இருந்தாள். பூவும் வைத்துவிடச் சொன்னேன் அண்ணியை. பாட்டிலைத் துணியில் சுற்றி, "என் பேரச் சொல்லு. ருக்மணின்னு முழுசாச் சொல்லு" என்றேன். "அட, எத்தன தடவடி சொல்லுவ!" என்றாள்.

நாள் முழுக்க எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை.

பொழுது சாயும்போது வந்தாள். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை நின்று பஸ் தாமதம் என்று யானைக் கதையே பேசினாள். பாகு என்ன ஆயிற்று என்றதற்கு, "வாங்கி வெச்சிக்கினாங்க. சொல்லி அனுப்புவாங்களாம்." சேலையைத் துவைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

பாவம், பஸ்ஸில் வந்த களைப்பு.

ஆகஸ்ட் 7, புதன்

மளிகைக் கடை பாய் சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே: "ஜெயம்மாவுக்கு கவர்மெண்டு வேலயாமே! என்னமோ பேரிக்கா முரப்பா செஞ்சு கொண்டு போச்சாம், அந்தம்மா அசந்துட்டாங்களாம். உங்க தோஸ்துதான, சொல்லலியா?"

பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார்க்காரி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். "கையெழுத்துப் போட கிருஷ்ணகிரி போயிருக்குது." கொடியில் என் அரக்குச் சேலை காய்கிறது.

அடிப்பாவி. அடிப்பாவி. சர்க்கரையைத் தின்றுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

அண்ணனிடம் சொன்னேன். "விடு. ஊர் ஒலகம் அப்படித்தான்" என்றார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. எனக்காக அவருக்கும் மனசு கசந்திருக்கிறது போல.

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அண்ணி இழுத்துக்கொண்டு போனாள். அதே வராந்தா. ஜெ. முதல் முறையாகச் செய்து காட்டுகிறாள். பக்கத்தில் நாற்காலி போட்டு அந்த அதிகாரி.

இரண்டு நாளாக வீட்டில் பதப்படுத்திக் கொண்டுவந்த காயை அடுப்பில் வைத்துக் கிளறினாள். கிளறவே கூடாது! அண்டாவை ஆட்டத்தான் வேண்டும். எட்டிப் பார்த்தேன். துண்டே இல்லை. கூழ். சுண்ணாம்புத் தெளிவு அவளுக்கு நினைவே இல்லை.

அதிகாரி கரண்டியால் எடுத்துப் பார்த்தார். "அன்னைக்கு நீ கொண்டு வந்தது இப்படி இல்லையேம்மா?"

ஜெ. முழிக்கிறாள். வாயை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன், என் காய் அங்கே நாசமாகிக் கிடக்கிறது, எப்படிச் சும்மா இருப்பது? "சுண்ணாம்புத் தெளிவுல ஊற வெக்கல. அதான் கொழஞ்சுடுச்சு" என்றேன், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து.

அதிகாரி திரும்பினார். "யாரும்மா நீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெ.: "எங்க பக்கத்து வீடுங்க. எனக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வரும்."

கூடமாட ஒத்தாசைக்கு! எனக்குக் காது அடைத்துவிட்டது. அண்ணி கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். வழியெல்லாம் அண்ணிதான் திட்டினாள், கன்னடத்தில், தமிழில், கொஞ்சம் தெலுங்கில்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும்.

காலை கிணற்றடியில் ஜெ. வந்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "என் புருஷனுக்கு வேலை இல்லன்னு உனக்குத் தெரியுமில்ல ருக்கு. எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குது."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, ஏன்டி திருடின?" என்றேன்.

"நான் திருடல! உங்க அண்ணன்தான் வந்து சொன்னாரு. அவள அனுப்பறதா இல்ல, நீயே செஞ்சதாச் சொல்லிக்கோ, வேல வீணாப் போவ வேணாம்னாரு. சுமங்கலி கிமங்கலின்னு அவகிட்ட நான் பேசிக்கிறேன்னாரு."

பொய் என்றேன். உன் நாக்கு அழுகிப்போகும் என்றேன். குழந்தைகள் மேல் சத்தியம் பண்ணினாள்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டு விபூதி பூசிக்கொண்டிருக்கிறார். கேட்டேன். மறுப்பார் என்று நின்றேன். கோபப்பட்டு ஓர் அறை விட்டிருந்தால்கூட நம்பியிருப்பேன்.

"ஆமா, சொன்னேன்" என்றார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "நேரா வேணாம்னு சொன்னா நீ அழுவ. எதுக்குன்னுதான். இங்க உனக்கு என்ன கொறச்சல்? சோத்துக்கா, துணிக்கா?"

"அன்னைக்கு ராகி ரொட்டில தொட்டுத் தின்னுட்டு அப்படிச் சொன்னியே, அண்ணா?"

"நல்லா இருந்துச்சு, சொன்னேன். அதுக்கென்ன இப்போ?"

அதுக்கென்ன. என்னிடம் சுமங்கலி என்று பேசுவதற்கு முன்பே அவளிடம் சொல்லி முடித்திருக்கிறார். எனக்காக மனசு கசந்தார் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன், போன வாரம், இதே கையால்.

அம்மாவிடம் ஓடினேன். வேறு யாரிடம் போவது? கட்டில் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மா என் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள், அசைகிற அந்த ஒரு கையால். என் பக்கம் ஒருத்தியாவது இருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அவன ஏசாதடி" என்றாள். "நாந்தான் அவன்கிட்ட அழுதேன். எப்படியாவது இவள நிறுத்துடான்னு. அவன் என்ன பண்ணுவான்?"

அம்மா. என்னைப் பெற்ற அம்மா. ஜெயம்மா பிறத்தியாள். அண்ணனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டு. இவளுக்கு நான் மலம் எடுத்திருக்கிறேன், முகம் சுளித்ததில்லை ஒரு நாள். "உங்கிட்டக் கேட்டா நீ போயிருவ" என்று கேட்காமலே என்னை விற்றுவிட்டாள். கையைத் தடவிக்கொண்டே சொல்கிறாள்.

ஆகஸ்ட் 14, புதன்

பேரிகை ஊரில் சந்தை. அந்த அதிகாரி அங்கே முகாம் என்று ஆஸ்பத்திரி ஆயா சொன்னாள். மீதி இருந்த ஒரு பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கோடாலித் தைலம் வாங்கி வருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சந்தையில் எதிரே வந்த ஒருவர் என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, சகுனம் சரியில்லை என்று செருப்பைக் கழற்றி நின்று, நான் தாண்டியதும் போனார். போகட்டும்.

அதிகாரி சத்திரத்து வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலைத் திறந்து வைத்தேன். ஒரு துண்டு வாயில் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு நீங்களே ஏன் வரலை?"

சொன்னேன். சுமங்கலி கையால் போனால் காரியம் கூடி வரும் என்றார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் கையில் வளையல் இல்லை, நெற்றியில் பொட்டில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் நான் குரலைத்தான் பார்த்தேன், நெற்றியைப் பார்க்கவில்லை.

"இங்க இடம் நிரம்பிடுச்சும்மா. அந்தப் பொண்ண எடுத்துட்டு இப்ப தள்ள முடியாது. ஊத்தங்கரையில புரட்டாசியில இதே மாதிரி கத்துக்குடுக்கற நிலையம் ஒண்ணு திறக்கறோம். வறண்ட ஊரு. பேரிக்கா கிடையாது, மாங்கா, புளி, நெல்லிதான். அங்கயே தங்கணும். வர்றீங்களா?"

"வர்றேன்."

"வீட்டுல கேட்டுட்டு..."

"கேட்டாச்சுங்க" என்றேன்.

திரும்பி வந்து யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடம்கூட. தைலம் வாங்க மறந்துவிட்டேன், கடையில் இல்லை என்றேன். இந்த வீட்டில் இது நான் சொன்ன முதல் பொய். நன்றாகவே வந்தது.

அண்ணன் பிள்ளைகள் ராகி ரொட்டிக்குப் பாகு கேட்டு அடம். தீர்ந்துவிட்டது என்றேன்.

அம்மா கூப்பிடுகிறாள், புரட்டிப் படுக்கவைக்க. குரல் ரொம்பப் பிரியமாக இருக்கிறது. போகிறேன். ஆவணி முடியும்வரை போவேன்.