பெரியப்பாவின் குரல் இருந்த டிஸ்க்

அன்புள்ள மகளுக்கு,

ஒரு பொருளுக்குத் தான் கெட்டுப்போகப் போவது எப்படி முன்கூட்டியே தெரியும்? நீ அங்கே சளி, இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டே கேட்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், நலமில்லாதது வீட்டுக் கம்ப்யூட்டர்தான். இன்று காலை அதைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஹார்ட் டிஸ்க் பழுதாகப் போகிறது, உடனே எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள் என்று வந்தது. அப்பா என் தோளுக்கு மேல் கையை நீட்டி ஒரு விசையை அழுத்திவிட்டு, "இது ஒரு வாரமா வருது, தட்டிவிட்டா போயிடும்" என்றார். ஒரு வாரமாகவா என்று கேட்டால், "நீதானே சொன்னே, கம்ப்யூட்டர் பயமுறுத்தினா நம்பாதீங்கன்னு" என்கிறார். சொன்னேன்தான். ஆனால் ஏமாற்றுக்காரன் அனுப்பும் எச்சரிக்கையின் அடியில் கூப்பிட ஓர் எண் இருக்கும், இல்லையென்றால் கட்டச் சொல்லி ஒரு தொகை இருக்கும். இது என்னிடம் எதையும் கேட்கவில்லை. எதையும் விற்க வராத எச்சரிக்கையை நம்பலாம் என்று தோன்றியது.

நம்பியதும் முதலில் நினைவுக்கு வந்தது பெரியப்பாவின் குரல்தான். பெரியப்பாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன், குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள் என்று உனக்குத் தெரியும். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னதை உன்னிடம் சொன்னேனா? இப்போதே நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்துவைத்தால், பிறகு அவர் எழுதிக் காட்டுவதை ஒரு கருவி அவருடைய குரலிலேயே பேசுமாம். எப்படி என்று கேட்டேன், விளக்கினாள், பாதிதான் புரிந்தது. பெரியப்பா வீடு பஸ் போகும் தெருவில் இருப்பதால் உன் அறை ஜன்னலில் போர்வையைக் கட்டி அங்கேதான் பதிவு நடக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் காலமெல்லாம் கத்திய மனிதர், 'இன்று வானம் மேகமூட்டமாக உள்ளது' என்று நிதானமாகப் படிக்க வேண்டும். "ஏம்மா, நான் என்னிக்கு இப்படிப் பேசினேன்? வேற யாரோன்னு நினைச்சு வீட்டுல கதவைத் திறக்க மாட்டாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் தன் பங்குக்கு ஒரு திட்டைச் சேர்த்துக்கொண்டார். பெரியம்மாவும் விடவில்லை, "திட்டறதை நிறைய பதிவு பண்ணுங்க, அதுலதான் உங்க குரல் தெளிவா இருக்கு" என்றார். அத்தனையும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் மருத்துவமனைக்கு மொத்தமாக அனுப்பலாம் என்று வைத்திருந்தோம். இப்போது அவருக்குக் கொஞ்சம் பேசினாலே குரல் கரகரத்து அடைத்துக்கொள்கிறது, எல்லாவற்றையும் மறுபடி படிக்க அவரால் முடியவே முடியாது.

அப்பா மட்டும் பதறவே இல்லை. "ஞாயிறு தவறாம எல்லாத்தையும் டி டிரைவுக்கு காப்பி பண்ணிட்டுத்தான் தூங்கறேன், சி போனா டி இருக்கு" என்றார். எனக்கு அந்த டி எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. டிஸ்க்குகளைக் காட்டும் பக்கத்தைத் தேடித் திறந்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு டிஸ்க், ஒரு நீளக் கட்டமாக, அதன் குறுக்கே ஒரு கோடு, இந்தப் பக்கம் சி, அந்தப் பக்கம் டி. கூடத்தின் நடுவில் திரையைக் கட்டிவிட்டு இரண்டு வீடு இருக்கிறது என்று நாம் இத்தனை காலம் நம்பியிருக்கிறோம். கூரை விழுந்தால் இரண்டின் மேலும்தான் விழும். அப்பா உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், வெளியே வைத்து இணைக்கும் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தார்.

வந்ததும் வரிசையாக மேலிருந்து நகலெடுக்கத் தொடங்கினார். மேலே இருந்தது உன் பள்ளிக்கூடப் படங்கள். நான் நிறுத்தச் சொன்னேன். இது எவ்வளவு நேரம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது, முதலில் குரல்தான் என்றேன். "பொண்ணு கேட்டா என்ன சொல்றது?" என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன், அதைத்தான் இப்போது சொல்கிறேன். இதை எழுதும்போது நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தேன், டிக் டிக்கென்று இரண்டு சத்தம், பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் ஓர் அமைதி, பிறகு மறுபடி. தான் படிக்கத் தவறிய இடங்களை இந்த டிஸ்க் தானே கணக்கு வைத்துக்கொள்ளுமாம், அந்தக் கணக்கு ஏறும்போதுதான் எச்சரிக்கை வருமாம். தவறியதை எண்ணுவது சரி. இனிமேல் தேறாது என்று எந்த இடத்தில் முடிவு செய்கிறது? அதைத்தான் நான் தேடிய இடத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை. சில கோப்புகளில் நகல் சிக்கி நின்றது, அவற்றைத் தாண்டிப் போகச் சொன்னேன்.

மறுநாள் மாலை சேர்த்து எழுதுவது. குரல் பதிவுகளில் பெரும்பகுதி வந்துவிட்டது. உன் படங்கள் பாதி வரும்போது பழைய டிஸ்க் நின்றது, இப்போது அப்படி ஒன்று இருப்பதாகவே கம்ப்யூட்டர் காட்டவில்லை. வருத்தப்படாதே என்று சொல்ல மாட்டேன், எனக்கே வருத்தம்தான். பெரியப்பாவைக் காலையிலேயே வரச் சொல்லி, வராமல் போன வாக்கியங்களை அப்பாவின் மடிக்கணினியில் மறுபடி படிக்க வைத்தோம். வெந்நீர் குடித்துக் குடித்துப் படித்தார், குரல் முன்னைவிட மோசம். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. மருத்துவமனை தந்த வாக்கியங்களில் அது இல்லை, அந்தக் கோப்பின் பெயர் வெறும் 'ஹாரன்'. பெரியம்மாவை அவர் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணா, இது என்ன என்று அப்பா கேட்டதற்கு, "டேய், அது உனக்கு நோ என்ட்ரி" என்று சொல்லி, எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு, சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு தடவை போட்டுக் கேட்டுவிடலாமே என்றார் அப்பா. எல்லாவற்றையும் திறந்து பார்க்கிற ஆள் நான், உனக்குத் தெரியும். கோப்பின் அளவை மட்டும் பார்த்தேன். பூஜ்யமில்லை. அது போதும் என்று சொல்லி, உண்மையிலேயே தனித்தனியான இரண்டு டிஸ்க்குகளில் போட்டுவைத்தேன்.

நீ எண்ணியதெல்லாம் கைகூடி, உடம்பும் மனசும் தெம்பாக இரு. வியாழனுக்கு முன்னால் பெரியப்பாவுக்குப் போன் செய், நீயே பேசிக்கொண்டிருக்காமல் அவரைப் பேசவிடு.

ஆசிகளுடன்,
அம்மா