மூன்றாவது கிண்ணம்

கோன்யிட்ஸ்,
போஸ்னியா,
3 மார்ச் 2004

அன்பு அம்ரா அக்கா,

நீ அனுப்பிய கையுறை வந்து சேர்ந்தது. என் கைக்குக் கச்சிதம். ஆனால் அம்மாதான் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறாள். போனில் பேசு என்கிறாய். காதில் வைத்ததுமே எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. எழுதிவிட்டுப் போகிறேனே.

நீ கட்டிக்கொள்ளப்போகும் நிஹாத் லின்ட்ஸிலிருந்து திரும்பி, எங்கள் செருப்பு ஆலைக்கு மேலாளராக வந்து இரண்டு வாரம் ஆகிறது. பத்து மணிக்கு நாங்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கும் அரைமணியை எடுத்துவிட்டார். நடைவழியில் ஒரு இயந்திரம் நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் காகிதக் குவளையில் காப்பி வரும். நின்றபடி குடிக்க வேண்டும். ஏழு நிமிஷம்.

"ஏழு நிமிஷத்துல என் மூச்சே தணியாது, தம்பி" என்றாள் ஹைரா அக்கா. தையல் பிரிவில் எல்லோருக்கும் மூத்தவள், யாருக்கும் பயப்படாதவள்.

"லின்ட்ஸ்ல அஞ்சே நிமிஷந்தான்க்கா."

"அதான் தலைமுடிய அங்கயே விட்டுட்டு ஓடி வந்துட்டியா?"

அவரும் சிரித்தார். ஆனால் ஏழு நிமிஷ அறிவிப்பை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனார்.

நீ கொண்டுபோன நீளக் கைப்பிடிச் செம்புப் பாத்திரம், அந்த ஜெஸ்வாவில்தானே காப்பி காய்ச்சுகிறாய்?

உன் தங்கை,
மெரிமா


லின்ட்ஸ்,
ஆஸ்திரியா,
14 மார்ச்

மெரிமா கண்ணே,

ஜெஸ்வா பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு ஒரு நாளைக்குச் சுத்தம் செய்யப் பதினாறு ஓட்டல் அறைகள். ரொட்டியைக்கூடப் படியேறிக்கொண்டேதான் தின்கிறேன். செத்தா போய்விட்டேன்?

நிஹாத் எல்லாம் சொன்னான். நீங்கள் இன்னமும் பத்து மணிக்கு உட்காருகிறீர்களாம். காப்பி காய்ச்சுவதே நீதானாம்! வாயைத் திறக்காத பிள்ளை என்று நினைத்தேன். நீ நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்திவிடுவார்கள் என்கிறான். நிறுத்திவிடு. எட்டாவதோடு நின்ற பெண்ணுக்கு அந்த வேலையை வாங்க நான் எத்தனை பேரிடம் பேசினேன் தெரியுமா? ஆகஸ்டில் கல்யாணம். என் சொந்தத் தங்கையே அவனை எதிர்த்து உட்கார்ந்தால் ஊரில் அவனை யார் மதிப்பார்கள்?

முத்தங்களுடன்,
அம்ரா


கோன்யிட்ஸ்,
23 மார்ச்

அம்ரா அக்கா,

நிறுத்த மாட்டேன்.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை.

நான் பள்ளியை ஏன் விட்டேன் என்று உனக்குத் தெரியும். எழுந்து நின்று பதில் சொல் என்பார்கள், தெரிந்த பதிலும் எனக்கு மறந்துவிடும். இங்கே அந்த அரைமணியில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. காப்பி பொங்கி வரும்போது இறக்குவேன், நுரையைக் கரண்டியால் கிண்ணங்களுக்குப் பங்கிடுவேன், ஊற்றுவேன். லூபிட்சா தன் மருமகனைத் திட்டுவாள். ஹைரா அக்கா சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு சப்புவாள். சில நாள் ஒருவருமே பேசமாட்டார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். இப்படி நான்கு மாதம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு ஒரு நாள் என்னை அறியாமல் நானே ஒரு வேடிக்கை சொன்னேன். முப்பது பேரும் சிரித்தார்கள். பள்ளியில் எட்டு வருஷத்தில் அது நடக்கவில்லை.

ஏழு நிமிஷக் காப்பியைக் குடித்த முதல் நாள், பதினாலு ஜோடிக்கு இடது காலாகவே தைத்து வைத்தேன். அதையும் அவர் உன்னிடம் சொன்னாரா?

மெரிமா


லின்ட்ஸ்,
31 மார்ச்

மெரிமா,

ஏப்ரல் 12, திங்கட்கிழமை. அன்று பத்து மணிக்கு உட்காருகிறவர்களை நிஹாத் வேலையைவிட்டு அனுப்பிவிடப் போகிறான். நீயும் உட்கார்ந்தால் எனக்கு இனிமேல் எழுதாதே.

அம்ரா


கோன்யிட்ஸ்,
13 ஏப்ரல்

அம்ரா அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நேற்று உட்கார்ந்தேன்.

நிஹாத் பத்தடித்ததும் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பேசத்தான் எனக்கு வராதே, அதனால் ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். வைத்த காப்பியை வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாருக்குத்தான் முடியும்? உட்கார்ந்தார்.

இரண்டாவது ஊற்றினேன். அவராகவே பேச ஆரம்பித்தார். "லின்ட்ஸ்ல நாலு வருஷம் என் பக்கத்து இயந்திரத்துல ஒருத்தன் நின்னான். அவன் பேரு எனக்கு இப்பவும் தெரியாது" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அக்கா. நிஜமாகவே. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன். அப்போது கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, போதும். நாளையிலேர்ந்து ஏழே நிமிஷம்" என்றார்.

நான் மூன்றாவதை ஊற்றினேன்.

அப்பா சொல்வாரே, 'முதல் கிண்ணம் வாங்கன்னு சொல்லும், ரெண்டாவது பேசுங்கன்னு சொல்லும், மூணாவது வந்தா எழுந்து செருப்பத் தேடு' என்று. நிஹாத் உன்னைப் பெண் கேட்டு வந்த அன்று அம்மா எவ்வளவு கவனமாக இரண்டோடு நிறுத்தினாள்! லூபிட்சா ஏப்ரன் முனையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவரோ கடைசிச் சொட்டு வரை குடித்தார். "நல்லாயிருக்கு, மெரிமா" என்றார். பதினைந்து வயதில் போருக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவருக்கு இந்த வழக்கம் மறந்தே போயிருக்கிறது.

"குடிச்சிட்டியா தம்பி? அப்ப செருப்பத் தேடு" என்றாள் ஹைரா அக்கா.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "கால்லதானே இருக்கு?"

எங்கள் சிரிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அலுவலக அறைக்குப் போனார். யாரையும் அனுப்பவில்லை. முப்பத்தொரு பேரை அனுப்பிவிட்டால் செருப்பு தன்னைத்தானே தைத்துக்கொள்ளுமா? இன்றும் உட்கார்ந்தோம். அறிவிப்பு அங்கேயேதான் இருக்கிறது. அதே ஆணியில் ஹைரா அக்கா காப்பித்தூள் பையை மாட்டிவிட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ பதில் போடாவிட்டாலும் பத்து மணிக்கு அங்கேதான் இருப்பேன்.

எப்போதும் உன் தங்கை,
மெரிமா


லின்ட்ஸ்,
22 ஏப்ரல்

என் மெரிமா,

நிஹாத் அன்றைக்கே போன் செய்தான். "உன் தங்கச்சி தங்கமான பொண்ணு. சண்டையெல்லாம் ஓஞ்சிடுச்சு. எனக்கு மூணு கிண்ணம் ஊத்திக் குடுத்தா!" என்றான். சந்தோஷமாக இருந்தான்.

உன் கடிதத்தை ஓட்டலில், துணி அடுக்கும் அறையில் வைத்துப் படித்தேன். அவன் காலைப் பார்த்த இடத்தில் சிரிப்புத் தாங்கவில்லை. விரிப்புக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒன்பது அறை பாக்கி. மேற்பார்வைக்காரி எட்டிப் பார்த்து, "உடம்புக்கு என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மா."

அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை, மெரிமா. ஒன்பது அறையும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

ஜெஸ்வாவை வெளியே எடுத்துவிட்டேன். பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, வினிகர் ஊற்றித் தேய்த்தேன். ஆகஸ்டில் அதையும் கொண்டுவருகிறேன். நம் வீட்டு மேசையில் நிஹாத்தை உட்கார வைத்து, அவசரமில்லாமல், நானே காய்ச்சிக் கொடுப்பேன். கடிகாரத்தைப் பார்க்கிறானா என்று பார்ப்பேன். மூன்றாவது கிண்ணத்துக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு இதுவரை நான் சொல்லவில்லை.

நீயும் சொல்லாதே.

அக்கா