சீட்டைத் தொடாத கை

8 மே 1976, சனி. சிட்னி.

இன்று கிளப்புக்குப் போனோம். மாடி வீட்டு ரஞ்சினியும் அவள் கணவர் கணேசலிங்கமும் கூட்டிப் போனார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். டை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்களாம். கணேசலிங்கத்தின் சிவப்பு டையைக் கட்டிக்கொண்டு இவர் மாப்பிள்ளை அழைப்புக்குப் போவதுபோல் நடந்தார். வாசலில் பெரிய நோட்டில் விருந்தாளிகள் என்று எங்கள் பெயரை எழுதினார்கள்.

உள்ளே சுவரோரம் வரிசையாகச் சூதாட்ட மெஷின்கள். காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் படங்கள் சுழல்கின்றன. "இழுங்கோ, பயப்பிடாதேங்கோ" என்றாள் ரஞ்சினி. இழுத்தேன். ராஜா, ராணி, ஏஸ்... எல்லாம் சீட்டுக்கட்டுப் படங்கள்! இவரைத் திரும்பிப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"இதுவும் சீட்டு மாதிரிதான், கல்யாணி. நீ ஆடு."

எட்டு வருஷமாகியும் மனுஷர் அந்தச் சத்தியத்தை மறக்கவில்லை.

9 மே

காலையிலிருந்து பொன்மலை ஞாபகம். ரயில்வே குவார்ட்டர்ஸ். ஞாயிறு மத்தியானம் கூடத்தில் ஜமக்காளம் விரித்து நாலு பேர் ரம்மி ஆடுவார்கள். நான் மூன்று தடவை காப்பி போடுவேன், முணுமுணுத்துக்கொண்டே. இவர் ஜெயித்தால் சிரிக்கிற சிரிப்பு எதிர் வரிசை வீடு வரை கேட்கும்.

ஒரு ஞாயிறு, ஆட்ட மும்முரத்தில் விமலாவைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டிவர மறந்துவிட்டார். ஆறு வயசுக் குழந்தை, இரண்டு மணி நேரம் மழையில் நின்றது. நாலு நாள் காய்ச்சல். நான் விட்டேனா? அவள் தலையில் கை வைக்கச் சொல்லி, "இனி சீட்டைத் தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்கினேன்.

அப்புறம் நண்பர்கள் வரவில்லை. ஜமக்காளம் பரணுக்குப் போயிற்று. அந்தச் சிரிப்பும் போயிற்று. அதைத் திருப்பிக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது!

19 மே, புதன்

நாங்கள் இந்த ஊருக்கு வந்ததே இவருடைய ரயில்வே டிரெயினிங்குக்காக. இவர் அதற்குப் போனதும் ரஞ்சினியோடு மறுபடி கிளப். இவரிடம் கடைக்குப் போனதாகச் சொன்னேன். ஏன் சொன்னேன்?

2 ஜூன்

இன்றும்.

16 ஜூன், புதன்

எனக்கு வேணும். நன்றாக வேணும்.

வீட்டுக்கு இருப்பது ஒரே சாவி, அது என் கைப்பையில். இவர் வருவது ஐந்தரைக்கு. நான் கிளப்பிலிருந்து வந்தபோது மணி ஏழு. நல்ல மழை. வாசல் படியில் கோட்டெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தார், இந்த ஊர்க் குளிரில். மேலே ரஞ்சினி வீடும் பூட்டிக் கிடந்தது.

என்ன பொய் சொல்ல? அழுதுவிட்டேன். "கிளப்புலதான் இருந்தேன். நாலு வாரமா போறேன். மணி பார்க்கவே தோணலை."

என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"தோணாது, கல்யாணி. எனக்குத் தெரியாதா?"

திட்டியிருந்தால் தேவலை. நான் அன்றைக்கு இப்படியா சிரித்தேன்?

17 ஜூன்

இவருக்கு ஓயாத தும்மல். மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னேன், "அந்தச் சத்தியம் இனி வேண்டாம். நான் விட்டுட்டேன்."

"குழந்தை தலைமேல பண்ணினது. நீ விட்டாலும் நான் விட முடியாது" என்றார்.

விமலா இப்போது திருச்சியில் என் அக்கா வீட்டில், பதினாலு வயசுப் பெண்ணாக இருக்கிறாள். இவருக்கு அவள் இன்னும் மழையில்தான் நிற்கிறாள்.

20 ஜூன், ஞாயிறு

கடையில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்தேன். கூடத்தில் போர்வையை விரித்தேன். "நீங்க தொட வேண்டாம், சொன்னா போதும். நான் எடுக்கிறேன், நான் போடுறேன்."

"பைத்தியமா உனக்கு?" என்றார். ஆனாலும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

அவருடைய பதின்மூன்று சீட்டையும் அவர் முன்னால் பரப்பி வைத்தேன். முகவாயால் காட்டினார். "அந்த இஸ்பேட் ஏழை எடு. ராணியை எறி. அதில்லை, சிவப்பு ராணி, ஆட்டின்!" என்ன அதட்டல்!

முதல் ஆட்டம் முடிந்ததும் ரஞ்சினி பதறிக்கொண்டு இறங்கி வந்தாள். "என்ன கல்யாணி, அண்ணை இப்பிடிச் சிரிக்கிறார்? மேல வரைக்கும் கேக்குது!"

என் சீட்டும் எனக்குத் தெரியும், அவர் சீட்டும் எனக்குத் தெரியும். அப்படியும் மூன்று ஆட்டத்திலும் தோற்றேன்.

மூன்று தடவை காப்பி போட்டேன்.