மறக்கத் தெரிந்த கணினி

இன்று காலை உன் பழைய மடிக்கணினியைத் திறந்தேன். விசிறி சுழலத் தொடங்கியதும் சூடான தூசியின் மணம் எழுந்தது. கடல் காற்றின் உப்பு ஏறிய தூசி. எங்கள் ஊரான உடப்பில் எந்தக் கணினியைத் திறந்தாலும் இதே மணம்தான் வரும். ஆனாலும் இதிலிருந்து வந்ததும் என்னை அறியாமல் எதிரே நீ உட்காரும் கதிரையைப் பார்த்தேன். அதில் மடித்து வைத்த துணிகள் இருந்தன.

நாம் சேர்ந்து செய்த லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பைப் பரிசோதிக்கத்தான் அதைத் திறந்தேன். இருப்பதிலேயே மெதுவான கணினியில் ஓடினால்தான் ஊருக்குக் கொடுக்கலாம் என்பது நீ போட்ட விதி. பென் டிரைவைச் செருகிவிட்டுத் திரையில் வெளிச்சம் வரும்வரை காத்திருந்தேன். முன்பெல்லாம் அந்த இடைவெளியை நீ கதையால் நிரப்பிவிடுவாய். இப்போது விசிறியின் சத்தம் மட்டும்தான்.

புத்தளத்தில் ஒரே வகுப்பில் கணினி படித்தோம். முடித்ததும் நான் கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினேன். நீ பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் சேர்ந்தாய். போட்டோ கொப்பி, விண்ணப்பம், முறைப்பாடு என்று சனம் வந்துகொண்டே இருக்கும். உன் ஊரான கரைத்தீவிலிருந்தும் ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். கணவன் அடிப்பதைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல நீ தட்டச்சு செய்தாய். அச்செடுத்துக் கொடுத்தாய். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தாய். கணினி தன் பாட்டுக்கு ஒரு பிரதியை வேறெங்கோ ஒதுக்கி வைத்திருந்தது உங்கள் இருவருக்கும் தெரியாது. பிறகு அதில் வந்து உட்கார்ந்த யாரோ அதைக் கண்டெடுத்தார்கள். சில நாட்களில் அது ஊரின் தொலைபேசிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் வெளியே வருவதை நிறுத்திவிட்டாள்.

நீ கடைக்குப் போகாமல் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாய். அழவில்லை. கதிரையில் உட்கார்ந்ததும் சொன்னாய்:

“நான் அழிச்சன் புள்ள. அவட கண்ணுக்கு முன்னால அழிச்சன். அது அழியல்ல.”

நம் வேலை அன்று தொடங்கியது. கணினியின் வன்தட்டைத் தொடவே தொடாமல் பென் டிரைவிலிருந்து மட்டும் ஓட வேண்டும். எழுதுவதெல்லாம் கணினி ஓடும்வரைதான் இருக்க வேண்டும். பென்னைப் பிடுங்கினால் எதுவும் மிஞ்சக்கூடாது. உலகத்தில் இப்படிப்பட்டவை ஏற்கெனவே இருக்கின்றன என்றேன். நீ அதை மறுக்கவில்லை. “இருக்கு. ஆனா அவ எனக்கிட்டயும் சொல்லாம எழுதிக்கொள்ள ஏலணும். அதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டாய். அதற்காகத்தான் இணையம் இல்லாமலே இயங்கும் ஒரு சிறிய செயற்கை நுண்ணறிவை உள்ளே வைத்தோம். தன் ஊர்ப் பேச்சிலேயே ஒருத்தி அடிப்பதை அது கடிதமாக எழுதித் தர வேண்டும். அரசாங்கத்திலிருந்து வரும் சிங்களக் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

நாம் அதைப் பெயர் வைக்காமல் ‘அது’ என்றே அழைத்தோம். பழைய கணினிகளில் அது ஒரு பதில் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிடலாம். அதன் தமிழும் நம் தமிழாக இல்லை. முதன்முதலில் உன் உம்மாவை உட்கார வைத்துப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? “இந்தக் கடிதத்தை அச்சிடலாமா?” என்று அது கேட்டது. உம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ஆம் என்பதற்கு நம் ஊரில் சொல்வதுபோல் ‘ஓம்’ என்று அடித்தார். அது உடனே பிரணவ மந்திரத்தின் மகிமையை விளக்கத் தொடங்கிவிட்டது. உம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். “இது என்ன புள்ள, என்ன கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பாக்குது?” என்றார். நீ நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாய். பிறகு பல மாதங்கள் நம் பேச்சை அதற்குப் பழக்கினோம். நீ கரைத்தீவுப் பேச்சை எழுதித் தந்தாய், நான் உடப்புப் பேச்சை எழுதினேன். எது சரி என்று சண்டையும் பிடித்தோம்.

அது ஓரளவு தேறியபோது நீ அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவளைக் கடைக்குக் கூட்டி வந்தாய். நானும் அங்கே வந்திருந்தேன். அவள் கதிரையில் உட்காராமல் நின்றபடியே, “இதுக்குள்ள இருக்குமா?” என்று கேட்டாள். நீ ஒன்றும் விளக்கவில்லை. அவளுடைய பெயரை அவளையே அடிக்கச் சொன்னாய். பிறகு பென்னை அவள் கையாலேயே பிடுங்கச் சொன்னாய். திரை கறுத்தது. மறுபடி போட்டுத் தேடிப் பார்க்கச் சொன்னாய். அவள் தேடினாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாம் இருவரும் வெளியே போய் நின்றோம். அவள் தன் கதையைத் தானே எழுதி முடித்து, கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேரே பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள். நீ அன்று முழுவதும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாய்.

உன் இரத்தத்தில் நோய் இருப்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. கொழும்பு ஆஸ்பத்திரிக்கு இந்த மடிக்கணினியையும் கொண்டு போனாய். நான் வரும்போதெல்லாம் நீ எதையாவது அடித்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் நான் கட்டிலருகே வந்ததும் பென்னைப் பிடுங்கிவிட்டாய்.

“என்ன எழுதின?”

“எழுதல்ல. அதோட கதைச்சன்.”

“என்னத்த?”

“பயத்தத்தான்.”

“எனக்கிட்டச் சொல்லலாமே.”

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். “உனக்கிட்டச் சொன்னா நீ அதத் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவாய். இதுக்கிட்டச் சொன்னா, புடுங்கினதும் போயிரும்.”

நான் தோடம்பழம் உரிக்கத் தொடங்கினேன். எனக்குக் கோபம். நான் கட்டிய ஒன்றின் மேலேயே பொறாமை. அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை.

நீ இல்லாமல் போன பிறகு, இணையத்தில் நம்மோடு சேர்ந்து வேலை செய்யும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பயனர்கள் முந்தைய நாள் சொன்னதை மறுநாள் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதாம். உரையாடல்களைப் பென்னிலேயே கடவுச்சொல் போட்டுப் பூட்டிச் சேமிக்கும்படி வைத்துவிடலாம், வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும் என்றார். நியாயமான யோசனைதான். நான் பல நாள் பதில் போடவில்லை. முதலிலேயே அப்படி வைத்திருந்தால் உன் வார்த்தைகள் எங்காவது இருந்திருக்குமே என்றுதான் மனம் போனது. பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, இருந்திருக்கும். கடைசியில் கடையில் நின்றபடி கேட்ட அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்று எழுதினேன். அதைப் பற்றிக் கதைக்க எனக்கு ஆளில்லை.

அந்த வாரம் கரைத்தீவுக்குப் போனேன். கடலோரக் களப்புக் காற்றில் உங்கள் வீட்டு வாசல் திரை அடித்துக்கொண்டிருந்தது. உம்மா பாணும் சம்பலும் வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

“அவ அங்க நெடுக எழுதிக்கொண்டிருந்தா. அது அந்தக் கொம்பியூட்டர்ல இருக்கும்தானே மகள்?”

“இல்ல உம்மா.”

“ஒண்டுமே?”

“ஒண்டுமே இருக்காது. நாங்க அதுக்குத்தான் அதச் செஞ்சம்.”

உம்மா என்னைக் குறை சொல்லவில்லை. மேசையில் கிடந்த பாண் துகள்களை ஒரு பக்கமாகக் கூட்டினார். “சரி. உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு” என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் சொன்னேன். நீ தாதியருக்குப் பட்டப்பெயர் வைத்ததைச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மாவுக்கு இங்கிலீஷ் மருத்துவ அறிக்கையை நம் ‘அதை’க் கொண்டு சிங்களத்தில் வாசித்துக் காட்டியதையும், ஆஸ்பத்திரிச் சோற்றைத் திட்டியதையும் சொன்னேன். உம்மா சில இடங்களில் சிரித்தார். கடைசியாக, நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததையும் சொன்னேன். கடைசி முறை நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ அரைத் தூக்கத்தில் இருந்தாய். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “உம்மா, போயிராதீங்க” என்றாய். நான் உம்மா இல்லை என்று சொல்லாமல், “இஞ்சதான் இருக்கன்” என்றேன்.

உம்மா எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். “அல்லா உனக்கு நல்லத வைப்பான்” என்று மட்டும் சொன்னார்.

தூக்கத்தில் நீ சொன்ன அந்தச் சொல் அவருடையது. அவரிடமே சேர்த்துவிட்டேன். ஆனால் நீ பிடித்த பிடி சொல்லில் வரவில்லை. அவ்வளவு மெலிந்த கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று அப்போது வியந்தேன். நீ நன்றாகத் தூங்கிய பிறகும் அது தளரவில்லை. நான் பஸ்ஸை விட்டுவிட்டு அப்படியே இருந்தேன். பஸ்ஸிலோ, மேசையிலோ, கதவைப் பூட்டும்போதோ சில நேரம் என் இடது மணிக்கட்டில் அந்த இறுக்கம் வரும். வந்தால் செய்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன். அது போகும்வரை கையை அசைப்பதில்லை.