கணவாய் வரை போன பருப்புச் சாதம்

என் ஆசை மச்சாள் ஷாமினி,

கடந்திட்டம்டி, உன்ர அந்தக் கணவாயை நானும் அண்ணாவும் கை கால் உடையாமல், அழாமல், சரி கொஞ்சம் அழுது, உன்ர பருப்புச் சாதப் பாக்கெட்டையும் தூக்கிக்கொண்டு முழுசாக் கடந்திட்டம்!!!

இனி மூச்சு விட்டு ஒழுங்காகச் சொல்கிறேன். இதை நம்முடைய தமிழ் நடைக் குழுவின் பக்கத்தில்தான் போடுகிறேன். எல்லாரும் வாசிக்கட்டும். உன்னைத் தெரியாத ஆட்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே.

ஷாமினி ஈப்போவில் பிறந்து ஒக்லாந்தின் ஆல்பனியில் வளர்ந்தவள். ஆல்ப்ஸ் மலைகளை நடந்து கடக்கிற ஒரு வீடியோவின் கீழே, ஊன்றுகோல் தேவையா இல்லையா என்று என்னோடு முன்பின் தெரியாமல் சண்டை பிடித்தவள். சண்டை முற்றி "நீ எங்க இருக்க?" என்று கேட்டாள். "நியூ லின்" என்றேன். "அடியே, ஒரே ஊரு, நான் ஆல்பனி லா!" என்று அவள் எழுதியது என் காதிலேயே கேட்டது. என் அண்ணாவைக் கட்டப்போவதாக விளையாட்டாகப் பகிடி விட்டு விட்டே, கட்டாமலே எனக்கு மச்சாள் ஆனவள். போன குளிர்காலத்தில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள்.

நமக்கு மலை ஏறச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை, இல்லையா? எல்லாம் வீடியோதான். வைட்டாக்கரே காட்டில் மழையில் நனைந்து, ரங்கிடோட்டோ எரிமலைக் கல்லில் சறுக்கி, நாமாகவே படித்தோம். ஆனாலும் உனக்கு உச்சிகள் பிடிக்காது. "உச்சிக்கு ஏறுனா வந்த வழியிலயே எறங்கணும் லா. கணவாய்னா அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு போய்ப் பாத்துடலாம்" என்பாய். அப்படித்தான் நாம் சேர்ந்து கடக்க ஆல்ப்ஸில் ஒரு கணவாயை வீடியோவில் பார்த்துத் தெரிந்தெடுத்தாய்.

அந்தப் பாக்கெட் கதையையும் சொல்ல வேண்டும். நம் நடைகளுக்கெல்லாம் சாப்பாடு கட்டித் தந்தது உன் அம்மா. ஆல்ப்ஸுக்கு மட்டும் நான்தான் சமைப்பேன் என்று அடம் பிடித்தாய். கீமோ நடக்கும்போதே பருப்புச் சாதம் ஆக்கி, தட்டுத் தட்டாகப் பரப்பி, உலர்த்துகிற மெஷினில் காய வைத்தாய். "நாக்கு செத்துப் போச்சுடி. உப்பு எது, சீனி எதுன்னே தெரியல. கை போற அளவுல போட்டிருக்கேன்" என்று போனில் சிரித்தாய். அந்த ஒரு பாக்கெட்தான் முடிந்தது. பிறகு உன்னால் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

உன் அம்மா அதை ஃப்ரீஸரில் வைத்திருந்தார். திறக்கவே இல்லை. நாங்கள் புறப்படுவதற்கு முன் என் கையில் வைத்து, "அவ நெனச்ச எடத்துலயே சாப்டுங்கம்மா. வந்து ஒண்ணு மட்டும் சொல்லு. உப்பு எப்படி இருந்துச்சுன்னு" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த நோவு அவ கையையும் எடுத்துடுச்சான்னு தெரிஞ்சுக்கணும்" என்றார்.

உடுப்பை விட அந்தப் பாக்கெட்டைத்தான் நான் பத்திரமாகச் சுற்றி எடுத்துப் போனேன், மச்சாள்.

அண்ணா எப்படி வந்தார் என்று கேட்பாய். யாரும் கேட்கவில்லை, அவராகவே லீவு போட்டார். கடைக்குப் போகவும் கார் எடுக்கிற மனுஷன்! கீழே மாட்டு மணிச் சத்தம் கேட்கும் வரைக்கும் சந்தோஷமாக நடந்தார். புல் முடிந்து சரளைக் கல் தொடங்கியதும் சுருதி மாறியது.

"இவ்வளவு பெரிய பணக்கார நாடு, இதுக்கொரு றோட்டுப் போட ஏலாதே?"

"நடக்கத்தானே அண்ணா வந்தனாங்கள்?"

"நீ நடக்க வந்தனீ. நான் நீ விழாமல் இருக்கிறியோ எண்டு பாக்க வந்தனான்."

சொன்ன கையோடு அவர்தான் விழுந்தார். வழி காட்டப் பாறையில் அடித்திருந்த சிவப்பு வெள்ளைப் பெயின்ட் கோட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், கோட்டைப் பிடிக்க முடியுமா என்று கேட்காதே. ஜூலை மாதத்திலும் ஒரு பள்ளத்தில் பனி கிடந்தது. அதைத் தாண்டினால் வானம். வானத்துக்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு வாசல் மாதிரி உன் கணவாய்.

அங்கே நின்று சமைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். காற்று விட்டால்தானே! அடுப்பைப் பற்ற வைக்க வைக்க நெருப்பு படுத்து அணைந்தது. அண்ணா ஜாக்கெட்டைக் கழற்றி விரித்து மறைப்பாக நின்றார். நடுங்கிக்கொண்டே, "கெதியா, கெதியா" என்றார். தண்ணீர் வெதுவெதுப்புக்குக்கூட வரவில்லை. அப்போதுதான் அந்தக் கொஞ்ச அழுகை.

பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பால் கலந்த நீலத்தில் ஓர் ஏரி. அதற்கு மேலே பனியாறு. கரையோரம் இரவு தங்க வேண்டிய குடில். இறங்குகிற பாதை மட்டும் அமைதியாக வளைந்து வளைந்து போனது. நீ பார்க்க நினைத்தது இதைத்தானா?

இப்போது நம் இருவரின் மானமும் போன இடத்துக்கு வருகிறேன். நியூசிலாந்துக் குடில்களில் மெத்தையும் கூரையும்தானே இருக்கும், சட்டி, அடுப்பு, அரிசி எல்லாம் நாம்தானே சுமப்போம்? அங்கே அப்படி இல்லையடி! ஆளுக்கொரு செருப்புத் தருகிறார்கள். மேசை விரித்து, சூப்பிலிருந்து இனிப்பு வரைக்கும் சமைத்துப் பரிமாறுகிறார்கள். எல்லா வீடியோவிலும் அதைக் காட்டித்தான் இருந்தார்கள். சாப்பாட்டு மேசை வந்தால் நாம்தான் தள்ளிவிட்டு அடுத்த ஏற்றத்துக்கு ஓடினோம்.

சட்டியும் கையுமாக நான் சமையலறை தேடி அலைய, குடிலைப் பார்த்துக்கொள்கிற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம் வயதுதான் இருக்கும்.

"உள்ளே அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. நியூசிலாந்தா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எப்படித் தெரியும்?"

"சட்டியோடு வருகிறவர்கள் நீங்கள்தான்."

பாக்கெட்டைக் காட்டி, யார் சமைத்தது என்று சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு கெண்டி கொதிநீர் கொண்டுவந்தாள். ஊற்றி மூடி வைத்தோம். திறந்ததும் பெருங்காய வாசனை எழும்பியது. மேசையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். நான் முதல் வாய் வைத்தேன்.

மச்சாள், கடல்! முரிவாய்க் கடற்கரையில் அலை புரட்டி நான் குடித்தேனே, அந்தத் தண்ணீர்!

அந்தப் பெண்ணும் ஒரு வாய் வைத்துக் கண்ணை இறுக்கினாள். இன்னும் கொதிநீர் ஊற்றினாள். போதவில்லை. சூப்புக் குண்டானுக்கு மாற்றி மறுபடி ஊற்றினாள். கடைசியில் உன் சாதம் கஞ்சியாகி மேசை முழுக்கச் சுற்றியது. யார் யாரோ கிண்ணத்தை நீட்டி இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தார்கள். அண்ணா மட்டும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே தன் பங்கை எடுத்து வைத்திருந்தார். அதை அப்படியே சாப்பிட்டார்.

"உப்புக் கூடிப்போகேல்லையா அண்ணா?"

"எனக்குச் சரி."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோய் உன் கையையும் எடுத்துவிட்டதே, இதை உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? திரும்பி வரும் வழி முழுக்க "அளவா இருந்தது அம்மா" என்று மனதுக்குள் சொல்லிப் பழகினேன். ஒக்லாந்து விமான நிலையத்தில் காலில் போட்டிருந்த சப்பாத்தில் மண் இருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்குக்கூட "அளவா" என்று வாயில் வந்தது.

நேரே ஆல்பனிக்குத்தான் போனோம். உன் அம்மா கதவைத் திறந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். பழகினதெல்லாம் பறந்துவிட்டது.

"உப்புக் கூடிப்போச்சு, அம்மா. நல்லாக் கூட. வாயிலயே வைக்க ஏலாமல் இருந்தது."

கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரிக்கிறார் மச்சாள்! நீ போன பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"அவ என்னைக்குமா சரியாப் போட்டிருக்கா? சின்ன வயசுலேர்ந்தே அள்ளித்தான் கொட்டுவா. எதுக்கு அவள அடுப்புப் பக்கமே விடலைங்கிற? அதே கைதான். அப்படியேதான் இருந்திருக்கு என் புள்ள கை."

பின்னால் நின்ற அண்ணா, சப்பாத்தைப் பார்த்தபடி, "ஓம் அன்ரி. அவள் தாற உப்புமாவும் இப்பிடித்தான்" என்றார்.

உன் அம்மா சிரிப்பை நிறுத்தினார். "நீ எப்ப தம்பி சாப்ட?"

அண்ணா உடனே திரும்பினார். காரிலிருந்து பையை எடுக்கப் போய்விட்டார், அவருடைய பை ஏற்கெனவே தோளில் இருக்க.

ஷாமினி, உண்மையைச் சொல்லு. அண்ணாவைக் கட்டுவேன் என்றது பகிடி இல்லையா? எனக்குத்தான் ஒன்றும் உறைக்கவில்லையா?

சாதம் உலர்த்துகிற அந்த மெஷின் இப்போது மறுபடி ஓடுகிறது. அம்மா பருப்பு வேக வைக்கிறார், அண்ணா தட்டில் பரப்புகிறார். ஆளுக்கு ஆள் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனாலும் அண்ணா ஒவ்வொரு வார இறுதியும் போகிறார்.

இதை வாசிக்கிற ஆட்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வைட்டாக்கரேயில் அவளுக்காக ஒரு நடை. நியூ லின் ஸ்டேஷன் வாசலுக்கு வாங்கோ. காட்டு மரங்களுக்கு நோய் போகாமல் சப்பாத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ. ஒருநாளும் மலை ஏறாதவர்களும் வரலாம், அண்ணாவே ஏறிவிட்டார். இதைப் பகிருங்கோ. உங்களோடு நடந்து, இப்போது இல்லாத ஆள் யார், அவர் என்ன சமைப்பார் என்று கீழே எழுதுங்கோ. நான் ஒன்று விடாமல் வாசிப்பேன்.

உனக்கு ஒரு வாக்கு மச்சாள். அடுத்த கணவாய்க்கும் பருப்புச் சாதம்தான், உப்பு உன் கை அளவுதான். கொதிநீர் மட்டும் நான் கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது உண்மையாகவே உன் மச்சாள்தானோ என்று யோசிக்கிற,
நிரோ